வீடும் வெளிக்காற்றும்

உணவின்றிச் சில வாரம் உயிர் தரிக்கலாம். நீரின்றிச் சில நாள் தரிக்கலாம். காற்றின்றிச் சில நிமிடமும் தரித்தல் அரிது. இத்துணை இன்றியமையாப் பொருளாயிருந்தும், உணவைத் தெரிந்து உண்ணும் நாம், நீரைக் காய்ச்சி வடித்துப் பருகும் நாம், காற்றை மட்டும் வந்தவாறே ஏற்றுக்கொள்கின்றோம். அது கெட்டதெனத் தோன்றுமிடத்துச் செய்வது ஒன்றே: சாளரத்தை அடைத்துவிட்டு, வீட்டினுள் இருக்கிறோமென்று அமைதி கொள்கின்றோம்.

பண்டைத் தமிழர் சாளரத்தைக் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியென்று பொருள்படும் இச்சொல் மிக அழகியது. ஆயினும் நம்மை ஒருவாறு மயங்கச் செய்வதும் ஆகும். காற்றிற்கு வீட்டில் அஃதொன்றே வழியென்றும், அவ்வழியை அடைத்தால் வெளிக்காற்று வெளியிலே நின்றுவிடுமென்றும் எண்ணத் தூண்டுகின்றது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதையும், அப்பிழையால் விளையும் கேடு யாது என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. கடந்த போகியன்று விடியுமுன்னரே எம் தெருவில் தீ மூண்டது. பழம்பாயும் பழந்துணியும் மட்டுமன்று. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தன. எம் பாட்டியார் நெடுநாளாக இரைப்பு நோயுடையவர். அன்னையார் முன்னதாகவே கதவுகளையும் சாளரங்களையும் அடைத்து, வாயிற்கதவின் அடியில் ஈரத்துணியும் செருகியிருந்தார். ஒரு மணி நேரம் கழியுமுன் பாட்டியார்க்கு மூச்சு முட்டத் தொடங்கிற்று. படுக்கையில் எழுந்தமர்ந்து, “எல்லாம் அடைத்தாயிற்றே, இது எவ்வழி வந்தது?” என்று கேட்டார். தமிழ் பயிலும் எம்மால் அன்று விடை கூற இயலவில்லை. பின்னர், அறிவியல் பயிலும் நண்பரை வினவியும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றோம்.

புகையில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு கூறே. பெருங்கேடு விளைப்பது கண்ணுக்குத் தனித்துத் தோன்றா நுண்துகள். குறுக்களவில் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத துகள்களைப் பி.எம். 2.5 எனக் குறிப்பர். மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மக்களின் தலைமயிர் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர் பருமனுடையதாகலின், அம்மயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குதானும் இத்துகள்கட்கு இல்லை. வண்டிகளின் எஞ்சினும், அனல் மின்நிலையமும், ஆலையும், குப்பைத் தீயும் இவற்றை நாள்தோறும் உமிழ்கின்றன. மூக்கின் மயிரும் தொண்டையின் ஈரமும் பெருந்துகளைத் தடுக்கும்; நுண்துகளோ நுரையீரலின் கடை நுண்ணறை வரை செல்லும். இருமலும் இரைப்புமேயன்றி, இதய நோய், பக்கவாதம், நுரையீரற் புற்றுநோய் ஆகியவும் இதனால் மிகும் என்பது இன்று நிலைநாட்டப்பெற்ற உண்மை.

இனி, பாட்டியாரின் வினாவிற்கு வருவோம். ஓர் அறையின் உயரம் 3 மீட்டர் எனக் கொள்வோம். அசைவற்ற காற்றில், 10 மைக்ரோமீட்டர் அளவுடைய துகள் மேற்கூரையினின்று தரையை அடையக் கால்மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகும். 1 மைக்ரோமீட்டர் துகளுக்கோ ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் வேண்டும். 0.3 மைக்ரோமீட்டர் துகளாயின் ஒரு வாரத்திற்கும் மேலாகும். வீட்டிலோ காற்று அசையாதிருப்பதில்லை. ஆதலின் இத்தகைய துகள் தானே விழுந்தொழியும் என எதிர்பார்த்தல் வீண். அது ஏறக்குறையக் காற்றாகவே ஒழுகுகின்றது. காற்று செல்லுமிடமெல்லாம் தானும் செல்கின்றது. கதவிற்கும் நிலைக்கும் இடையே உள்ள இடுக்கு, சாளரச் சட்டத்தின் விரிசல், ஓட்டுக்கூரையின் சந்து, சமையலறைப் புகைபோக்கி, மின்கம்பி நுழையும் துளை ஆகிய இவையனைத்தும் அதற்குக் காலதர்களே. முற்றும் காற்றுப்புகா வீடு ஒன்றிருப்பின் அதில் மக்கள் வாழ்தல் இயலாது. மூச்சிற்குக் காற்று வேண்டுமேல், அக்காற்றோடு துகளும் வந்தே தீரும்.

எத்துணை வரும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. வீட்டினுள் துகளைக் கொணர்வது காற்றின் மாற்றம்; துகளைக் குறைப்பது சுவரிலும் தரையிலும் பொருள்களிலும் அது படிதல். இவ்விரண்டிற்கும் இடையே நிகழும் போட்டியின் முடிவே உள்ளிருக்கும் அளவு. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள ரிவர்சைடு நகரில் 1990-ஆம் ஆண்டு ஆராய்ந்த அறிஞர், நுண்துகள் இடுக்குகளின் வழியே ஏறத்தாழத் தடையின்றி நுழைகின்றதென்றும், நுழைந்தபின் மணிக்கு ஏறக்குறைய 0.4 என்னும் வீதத்திலேயே படிகின்றதென்றும் கண்டனர். ஒரு வீட்டின் காற்று மணிக்கு எத்துணை முறை மாறுகின்றதோ அவ்வெண்ணை, அதனோடு 0.4 கூட்டி வந்த தொகையால் வகுக்க, வெளித்துகளில் எப்பங்கு உள்ளே நிற்கும் என்பது விளங்கும். நன்கு அடைத்த வீட்டில் காற்று மணிக்கு 0.4 முறை மாறுமாயின், வெளித்துகளிற் சரிபாதி உள்ளே நிற்கும். சாளரம் திறந்த வீட்டில் 4 முறை மாறுமாயின், பத்தில் ஒன்பது பங்கிற்கும் சற்று மேலாக நிற்கும். நம் நாட்டு வெப்பத்தில் பெரும்பாலோர் வாழ்வது இவ்விரண்டாம் வகை வீட்டிலன்றோ?

இக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். தெருவில் ஒரு கனமீட்டர் காற்றிற்கு 60 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ளதென்க. நம் அரசினர் 2009-ஆம் ஆண்டு ஒரு நாளைக்கு வகுத்த வரம்பு இஃதே. அடைத்த வீட்டினுள் இது 30 ஆகும். திறந்த வீட்டினுள் ஏறத்தாழ 55 ஆகும். இருவர் நாளில் 21 மணி நேரம் வீட்டிலும் 3 மணி நேரம் வெளியிலும் கழிப்பராயின், அடைத்த வீட்டினர்க்கு நாளின் சராசரி ஏறத்தாழ 34. திறந்த வீட்டினர்க்கு ஏறத்தாழ 56. ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது யாதெனின், அடைத்த வீட்டினரும் தாம் ஏற்ற வெளித்துகளில் நான்கில் மூன்று பங்கிற்கு மேல் வீட்டினுள் இருந்தே ஏற்றனர் என்பது. தெருப்புகையை நாம் தெருவில் உட்கொள்கிறோமென எண்ணுகின்றோம். உண்மையில், அதனைக் கட்டிலிற் படுத்தும், நாற்காலியிலமர்ந்து நூல் படித்தும், குடும்பத்தாரோடு உணவருந்தியும் உட்கொள்கின்றோம்.

இவ்வுண்மை சென்ற நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் யாவர்க்கும் கண்கூடாக விளங்கிற்று. 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து அந்நகரை மூடின. சாட்லர்ஸ் வெல்ஸ் என்னும் அரங்கில் நடைபெற்ற இசை நாடகம் இடையிலே நிறுத்தப்பட்டது. அரங்கினுள்ளே புகை நிறைந்து, வந்திருந்தோர்க்கு மேடை தெரியவில்லை. ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தினுள் காட்சிக்குக் கொணர்ந்த கொழுத்த மாடுகளிற் சில மூச்சடைத்து மாண்டன. மாண்ட மக்கள் ஏறத்தாழ 4,000 பேரென முதலிற் கணக்கிட்டனர். பிற்கால ஆராய்ச்சியாளர் 12,000 வரை எனக் கணித்தனர். குளிர்நாட்டார் ஆதலின் அவர்தம் கதவுகள் அடைத்தே இருந்தன. அடைத்த கதவு அவர்களைக் காத்திலது.

மற்றொரு சான்றும் உண்டு. அமெரிக்க நாட்டில் ஆறு நகரங்களில் 8,111 பேரைப் பதினான்கு ஆண்டுகட்கு மேல் தொடர்ந்து நோக்கி, அம்முடிபை ஹார்வர்டு அறிஞர் 1993-இல் வெளியிட்டனர். புகைபிடித்தல் முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தும், மிக மாசுற்ற நகரத்தில் இறப்பு வீதம், மிகத் தூய நகரத்தைவிட 26 விழுக்காடு மிகுந்திருந்தது. ஒரு தடை எழுந்தது: “துகளை அளந்த கருவி வெளியிலன்றோ இருந்தது? மக்களோ வீட்டிலன்றோ இருந்தனர்? வெளிக்காற்று அவர்களை எங்ஙனம் கொன்றிருத்தல் கூடும்?” இத்தடை பொருளற்றதன்று. அமெரிக்கர் தம் வாழ்நேரத்தில் 87 விழுக்காட்டைக் கட்டடங்களினுள்ளே கழிக்கின்றனர் என்று 2001-இல் வெளிவந்த கணக்கு ஒன்று கூறுகின்றது. ஆயின் மேலே கூறிய கணக்கே இதற்கு விடையாகும். வெளிக்காற்று வெளியிலே நிற்பதில்லை. நகரின் காற்று ஏறினால் நகரிலுள்ள வீடுகளெல்லாவற்றின் காற்றும் அதனோடு ஏறும். இறங்கினால் அவையும் இறங்கும்.

அங்ஙனமாயின் வெளியில் ஒரு கருவி நிறுவி அளந்தால் போதுமோ எனின், போதாது. முன்னர்க் கூறிய ரிவர்சைடு நகரில் 178 பேர் சிறு கருவியொன்றைத் தம் உடலோடு சுமந்து திரிந்தனர். 10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகளை அளந்ததில், பகற்பொழுதில் வெளியிலும் வீட்டினுள்ளும் சராசரி அளவு 95 மைக்ரோகிராம். அவர் சுமந்த கருவியிலோ 150. ஒருவர் நடக்கையிலும் பெருக்குகையிலும் சமைக்கையிலும் எழும் துகள் அவரையே ஒரு படலமாகச் சூழ்ந்திருப்பதால் இவ்வேறுபாடு நேர்ந்தது. ஆகவே ஊரின் காற்று வேறு, வீட்டின் காற்று வேறு, ஒருவர் மூச்சிற் புகும் காற்று வேறு. நோய் செய்வது மூன்றாவதே.

வீட்டினுள்ளே நாமே உண்டாக்கும் புகையையும் மறைத்தல் அறமன்று. விடுதி வாழ்வோர் யாவரும் அறிந்த கொசுவர்த்திச் சுருளைக் காண்க. ஒரு சுருள் எரிந்து தீருங்கால் வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 வரையுள்ள சிகரெட்டுகள் வெளிவிடும் அளவிற்கு ஒப்பாம் என 2003-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறிற்று. சிகரெட்டின் தீமை குறித்துச் சொற்போர் நடத்திவிட்டு, அறைக்குத் திரும்பி, சாளரத்தை அடைத்து, சுருளைக் கொளுத்தி உறங்கும் நாம் நகைத்தற்குரியோமன்றோ? கொசுவலை ஒன்று இத்தீங்கு அனைத்தையும் தவிர்க்கும்.

அடுப்பின் செய்தியும் அத்தகையதே. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் கருவுற்ற மகளிர் 3,200 பேரிடையே ஓர் ஆய்வு நடந்தது. அதில் நம் தமிழ்நாட்டு விழுப்புரம், நாகப்பட்டினப் பகுதிகளும் சேர்ந்திருந்தன. விறகடுப்பினை விடுத்து எரிவாயு அடுப்பினைக் கைக்கொண்டோர் மூச்சிற் புகுந்த நுண்துகளின் நடு அளவு ஏறத்தாழ 24 மைக்ரோகிராம்; விறகடுப்பினையே தொடர்ந்தோர்க்கு ஏறத்தாழ 70. இம்முடிபு 2022-இல் வெளிவந்தது. இது பெரியதோர் ஆக்கமே. ஆயினும், உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமே என்பதை நினைக்க. தம் அடுப்பைத் தூய்மை செய்த பின்னரும் அம்மகளிர் மூச்சில் எஞ்சியதை முற்றும் அவர்தம் வீட்டுக் குறையெனச் சொல்ல இயலுமோ? அண்டை வீட்டு விறகும் ஊர்ப்புறத்துக் குப்பைத் தீயும் நெடுஞ்சாலை லாரியும் அவர் வீட்டு வாயிலில் அனுமதி கேட்டு நிற்பதில்லை.

செல்வமுடைய அன்பர் சிலர் இதற்கு எளிய வழி கூறுப: “காற்றைத் தூய்மையாக்கும் கருவி ஒன்றை வாங்கி அறையில் வைத்தால் தீர்ந்தது.” அக்கருவி பயனற்றதென யாம் கூறோம். நல்ல வடிகட்டியுடைய கருவி, அடைத்த அறையில், மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும். நோயுற்ற முதியோர்க்கு அஃது உயிர்த்துணை. ஆயின் அதற்கு விலை உண்டு. மின்சாரச் செலவு உண்டு. வடிகட்டியை மாற்றும் செலவு உண்டு. யாவற்றினும் மேலாக, அடைக்கத்தக்க சுவரும் கதவும் உடைய வீடு வேண்டும். சுவரில் மாட்டும் பொதுவான குளிர்சாதனக் கருவி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விப்பதன்றி நுண்துகளைப் பெரிதும் பிடிப்பதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நன்று. அது செய்யும் நன்மை, சாளரத்தை அடைத்து வாழ இடந்தருவதே. அந்நன்மையும் சிறிதன்று. குளிர்சாதனம் மிகுந்த அமெரிக்க நகரங்களில் வெளித்துகளால் மருத்துவமனை சேர்வோர் வீதம் குறைவெனக் கண்டுள்ளனர். இதன் பொருள் யாது? ஒரே ஊரில், ஒரே வானத்தின் கீழ், பொருளுடையார் பாதி நஞ்சும் பொருளிலார் முழு நஞ்சும் உண்கின்றனர் என்பதே.

நம் விடுதி வாயிலில் இரவெல்லாம் அமர்ந்திருக்கும் காவலரை நினைக்க. விடியுமுன் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளரை நினைக்க. அவர்கட்கு அடைக்கக் கதவே இல்லை. நம் கணக்கின்படி அடைத்த வீட்டினர்க்கு 34 ஆன அன்று, வெளியிலிருக்கும் அவர்க்கு 60. பணி முடிந்து அவர் திரும்பும் வீடோ சாலையோரத்து ஓட்டுவீடு. கதவை அடைப்பதும் கருவி வாங்குவதுமே விடையெனக் கொள்ளும் ஊர், இவர்களைத் தன் மக்களென எண்ணிற்றில்லை.

இலண்டன் மாநகரார் துயரத்தினின்று கற்ற பாடம் ஈண்டு நினைக்கத்தக்கது. 1956-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய தூய காற்றுச் சட்டம், சாளரங்களை இன்னும் இறுக அடையுங்கள் என்று கூறிற்றில்லை. வீட்டு அடுப்பிலும் கணப்பிலும் கரும்புகை எழாதிருக்க வழிவகுத்தது; புகையில்லா எரிபொருளுக்கு மாறுவோர்க்குப் பொருளுதவியும் செய்தது. புகை புகுமிடத்தை விட்டு, அது பிறக்குமிடத்தை நாடினர். நாமும் நாடவேண்டியது அதுவே.

ஆகவே யாம் வேண்டுவன சில. முதலாவது, கொளுத்துதலை ஒழித்தல். 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் போகிப் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதப்பட்டன. சில வேற்றூர்கட்குத் திருப்பப்பட்டன. விமானம் நின்றது செய்தித்தாளில் வந்தது. வீடுகளினுள் எத்துணைப் பேர் மூச்சுத் திணறினரென்பது எத்தாளிலும் வந்திலது. போகியை மட்டும் குறை கூறுகின்றோமென எவரும் கருதற்க. தீபாவளி வெடியும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் நாமே கொளுத்தும் வெடியும், நம் வளாகத்தின் மூலையில் எரியும் சருகுக் குவியலும் ஒரே குற்றத்தின் வேறு வேறு வடிவங்கள். சருகு எருவாகும், அதனை எரித்தல் அறிவுடைமையன்று. நம் கல்லூரித் தலைவர்கள் இதனை உடனே நிறுத்துவாராக.

இரண்டாவது, அளத்தல். 2019-இல் நடுவண் அரசினர் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், நகரங்களின் முன்னேற்றம் பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டர் துகளைக் கொண்டே மதிக்கப்படுகின்றது. சாலைப் புழுதியை அடக்கினால் அவ்வளவு குறையும். வீட்டினுள் நுழைந்து நுரையீரலின் அடி காணும் நுண்துகள் குறைந்ததோ என்பது அதனால் விளங்காது. நுண்துகளையே அளக்க வேண்டும். வீடுகளிலும் வகுப்பறைகளிலும் மருத்துவமனைகளிலும் அளக்க வேண்டும். இதற்கான சிறு கருவிகள் இன்று கிடைக்கின்றன. ஈரம் மிகுந்த நாளில் அவை பிழைபடுமாதலின், நம் இயற்பியல் துறையார் அவற்றைச் செப்பம் செய்து தருவராயின், அளந்தெழுதும் பணியைத் தமிழ் மாணவராகிய யாமும் ஏற்போம்.

மூன்றாவது, அதுகாறும் நலிந்தோரைக் காத்தல். புகை மிகும் பொழுதில் அடைத்தலும், காற்றுத் தெளியும் பொழுதில் அகலத் திறத்தலும், ஈரத்துணியால் துடைத்தலும் எவர்க்கும் இயல்வன. விடுதியின் நோயாளர் அறையிலேனும் நல்ல வடிகட்டிக் கருவி ஒன்று அமைத்தல் நம் கல்லூரிக்கு அரிதன்று.

பாட்டியார் அன்று மாலை ஒருவாறு தேறினார். அவர் கேட்ட வினாவிற்கு இப்பொழுது விடை கூறவல்லோம்: அது கதவிடுக்கின் வழியே வந்தது, அதற்கு முன் அண்டை வீட்டார் கையிலிருந்து வந்தது. சென்னை மாநகராட்சியார் அண்மை ஆண்டுகளில், போகிக்கு முன்னரே பழந்துணியையும் டயரையும் தாமே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்துள்ளனர். வரும் மார்கழி இறுதியில் எம் தெருவில் வீடுதோறும் சென்று, அவற்றைக் கொளுத்தாது கொடுத்துவிடுமாறு வேண்டுவதென எம் குடும்பத்தார் துணிந்துள்ளோம். சிலர் நகைப்பர், சிலர் கேட்பர். ஒரு வீட்டின் தீ குறைந்தால் ஒரு வீட்டின் புகை குறையும். நண்பர்காள், நீவிரும் நும் தெருவில் இதனைச் செய்ம்மின்! நம் இல்லத்துக் கதவை அடைக்கும் முன்னர், நாம் பிறர் இல்லத்துள் அனுப்பும் காற்று எத்தகையதென ஒருகால் எண்ணிப் பார்ப்போமாக.